சேனைச் சந்தை – 7: பதினெட்டு வகை மேலங்கி

சென்ற வாரம், முதல் உலகப் போரில் அமெரிக்காவின் போர்த் தொழில் வாரியத்தை நடத்திய பெர்னார்ட் பரூக்கிடம் நிறுத்தியிருந்தோம். 1917-இல் சந்தையில் ஒரு பவுண்டு தாமிரம் 36 சென்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போது நாலரைக் கோடி பவுண்டுத் தாமிரத்தை 17 சென்ட்டுக்கும் குறைவான விலைக்கு அமெரிக்கப் படைகளுக்குப் பேசி முடித்தவர் அவர். ராணுவத்துக்கு இவ்வளவு, கடற்படைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போய் நிற்காமல், மொத்தத் தேவையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு சுரங்க முதலாளிகளின் முன்னால் உட்கார்ந்தார். அந்த விலைக்குக் காரணம் அதுதான்.

அதே நாட்களில் அதே ராணுவத்துக்குள் இன்னொன்றும் நடந்தது. அட்ஜுடன்ட் ஜெனரலின் அலுவலகம் 12,000 தட்டச்சுப் பொறிகளை முந்திக்கொண்டு வாங்கிக் குவித்தது. மற்றத் துறைகளுக்கு எங்கே தட்டுப்பாடு வந்தால் என்ன, தன் அறை நிறைந்தால் போதும் என்ற நினைப்பு.

போர் முடிந்ததும் பரூக்கின் போர்த் தொழில் வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு கடை மறுபடி திறந்தது. அந்தக் கடைகளை ஒன்றாக்க, இன்னொரு உலகப் போரும் ஒரு கொரியப் போரும் கடந்து 43 ஆண்டுகள் ஆகின.

கார் கம்பெனியிலிருந்து வந்தவர்

1961 ஜனவரி 17. பதவியிலிருந்து விடைபெறும் அதிபர் ஐசனோவர் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளை நடத்திய அந்தத் தளபதி, ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்து வளர்வதைக் கண்டு எச்சரித்தார். மத்திய அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி அப்போது பாதுகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான்கு நாள் கழித்து அந்தப் பாதிப் பணத்தின் சாவி 44 வயதுக்காரர் ஒருவர் கைக்கு வந்தது. பெயர் ராபர்ட் மக்னமாரா. 1960 நவம்பரில்தான் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் தலைவராகியிருந்தார். 1906-க்குப் பிறகு ஃபோர்டு குடும்பத்துக்கு வெளியிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள். ஐந்து வாரம் ஆகுமுன், பாதுகாப்பு அமைச்சராக வரும்படி, அதிபராகத் தேர்வான கென்னடியின் அழைப்பு வந்துவிட்டது.

மக்னமாரா போர்க்களத்தில் துப்பாக்கி பிடித்தவர் அல்லர். ஹார்வர்டில் கணக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்தார். வங்காளத்துக் கரக்பூர் தளத்திலிருந்து பி-29 குண்டுவீச்சு விமானங்கள், தமக்கு வேண்டிய பெட்ரோலைத் தாமே சுமந்துகொண்டு இமயமலையைத் தாண்டிச் சீனத்துச் செங்டூவுக்குப் பறந்த காலம் அது. ஒரு கேலன் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை கேலன் எரிகிறது என்று பார்ப்பது அந்தப் பிரிவின் தொழில். ஒரு படையின் வலிமை அதன் கிடங்குக் கணக்கிலும் இருக்கிறது என்பது அவருக்கு அங்கேயே மனதில் பதிந்திருக்க வேண்டும்.

பென்டகனுக்குள் நுழைந்ததும் அவர் கேள்விகளை எழுதினார். பக்கம் பக்கமாகக் கேள்விகள். எத்தனை ஏவுகணை வேண்டும், எத்தனை டிவிஷன் வேண்டும் என்ற பெரிய கேள்விகளுக்கு நடுவே, பத்திரிகைகள் கண்டுகொள்ளாத ஒன்றும் இருந்தது. மூன்று படைகளும் ஒரே சாமானை ஏன் மூன்று இடத்தில் வாங்குகின்றன?

ஒரே வீட்டில் மூன்று அடுப்பு

1947-இல் சட்டம் போட்டு ராணுவம், கடற்படை, விமானப் படை மூன்றையும் ஒரு பாதுகாப்பு அமைப்பின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். கூரை ஒன்றானது. அடுப்பு மூன்றாகவே இருந்தது.

மூன்று அடுப்பு என்றால் அரிசி மூன்று இடத்தில் வாங்கப்படும் என்பதோடு முடிவதில்லை. அவசரத்துக்கு என்று எடுத்துவைக்கும் இருப்பும் மூன்று மடங்காகும். ஒவ்வொரு படையும் தனக்கு எதிர்பாராமல் வரக்கூடிய தேவையை நினைத்துப் பயந்து, தன் கிடங்கில் கூடுதலாக ஒரு பங்கு ஒதுக்கி வைக்கும். மூன்றுக்கும் ஒரே நாளில் அந்த அவசரம் வருவது அபூர்வம். இருப்பை ஒரே கிடங்கில் வைத்தால் குறைந்த அளவே மூவருக்கும் போதும். வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்கும் பணம் விடுபடும். கொள்முதலை ஒன்றாக்குவதில் மொத்த விலைத் தள்ளுபடி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இந்த இருப்புக் கணக்குதான் தெரியாது. உண்மையான மிச்சத்தில் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கக் கூடியதாக இருந்தது. ஒரு படை உபரி என்று ஏலத்தில் தள்ளும் பொருளை, அதே மாதம் இன்னொரு படை புது விலை கொடுத்து வாங்கலாம். இரண்டும் ஒரே பொருள் என்று இருவருக்கும் தெரியாது.

ஏன் தெரியாது? பெயர் வேறு.

பெயர் வைத்த குமாஸ்தாக்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். போர் வரலாறுகளில் தளபதிகள் வருகிறார்கள், விஞ்ஞானிகள் வருகிறார்கள். பட்டியல் எழுதிய குமாஸ்தாக்கள் வருவதில்லை. இந்தக் கதையின் அடித்தளம் அவர்கள் போட்டது.

ஒரு சாதாரண மரையாணியை எடுத்துக்கொள்வோம். ராணுவத்தின் பட்டியலில் அதற்கு ஒரு பெயரும் எண்ணும். கடற்படையில் வேறு பெயர், வேறு எண். விமானப் படையில் மூன்றாவது. ஒரு படைக்குள்ளேயே பிரிவுக்குப் பிரிவு எண் மாறும். மரையாணியின் நீளம், விட்டம், உலோகம், புரியின் நெருக்கம் எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் ஏட்டில் அவை வெவ்வேறு பொருட்கள். ஏட்டில் வேறான பொருட்களின் விலையை யாரும் ஒப்பிடுவதில்லை.

1945 ஜனவரியிலேயே அதிபர் ரூஸ்வெல்ட் அரசு முழுவதற்கும் ஒரே பொருட்பட்டியல் வேண்டும் என்று உத்தரவிட்டார். உத்தரவு போடுவது ஒரு நாள் வேலை. லட்சக்கணக்கான பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, விவரம் எழுதி, இது அதுதானா என்று தீர்மானிப்பது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. 1952-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி முப்படைகளையும் ஒரே பட்டியலுக்கும் ஒரே தரத்துக்கும் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பொருளுக்கும் 11 இலக்க எண் வந்தது. முதல் நான்கு இலக்கம் அது எந்த வகுப்பு என்று சொல்லும்: 5306 என்றால் மரையாணி, 5310 என்றால் நட்டும் வாஷரும், 8430 என்றால் ஆண்களின் காலணி. மீதி ஏழு இலக்கம் அந்த ஒரு பொருளுக்கே உரியது. 1974-இல் இது 13 இலக்கமாக வளர்ந்தது; நேட்டோ நாடுகளின் கிடங்குகளும் இதே முறையையே பின்பற்றுகின்றன.

எண் வந்தபின்தான் கேள்வி கேட்க முடிந்தது. ஒரே எண், இரண்டு படை, இரண்டு விலை. இதற்கு என்ன பதில்?

அரைக் கிணறு

பதில் தேடும் முயற்சி மக்னமாராவுக்கு முன்பே தொடங்கியிருந்தது. முன்னாள் அதிபர் ஹூவரின் தலைமையில் அமைந்த இரண்டாவது ஆணையம் 1955-இல் தெளிவாகச் சொன்னது: பொதுவான சாமான்களை வாங்கவும் வைக்கவும் படைகளுக்கு வெளியே தனியான ஓர் அமைப்பு வேண்டும். படைகள் இதை விரும்பவில்லை. பென்டகன் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தது.

அதன்படி ஒவ்வொரு வகைச் சாமானுக்கும் ஒரு படை பொறுப்பேற்கும். மற்றப் படைகளுக்கும் சேர்த்து அதுவே வாங்கும். உணவும் உடையும் ராணுவத்துக்குப் போயின. உணவுக்கு சிகாகோவில் அலுவலகம், துணிக்கு ஃபிலடெல்ஃபியாவில். மருந்தும் பெட்ரோலியமும் கடற்படைக்கு.

பலன் இருந்தது. இருப்பு குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் புதிதாக ஒரு தலைவலி முளைத்தது. பொறுப்பேற்ற ஒவ்வொரு படையும் தன் வீட்டு வழக்கப்படியே கடை நடத்தியது. ராணுவத்திடம் சட்டை கேட்க ஒரு படிவம், கடற்படையிடம் மருந்து கேட்க வேறு படிவம். கணக்கு எழுதும் முறை வேறு, பணம் செலுத்தும் முறை வேறு. எத்தனை சாமானோ அத்தனை நடைமுறை. தளத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்டோர்ஸ் சார்ஜென்ட் அத்தனையையும் படித்தாக வேண்டும்.

1958-இல் பாதுகாப்புத் துறையைச் சீரமைக்கும் சட்டம் வந்தபோது, மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜான் மக்கார்மக் அதில் ஒரு திருத்தத்தைச் சேர்க்க வைத்தார். பல படைகளுக்கும் பொதுவான வழங்கல் பணி எதையும் பாதுகாப்பு அமைச்சர் விரும்பினால் ஒரே அமைப்பிடம் ஒப்படைக்கலாம் என்பது அதன் சாரம். சாவி செய்தாயிற்று. மூன்றாண்டு அது ஆணியில் தொங்கியது.

மூன்று வழிகள்

1961 மார்ச்சில் மக்னமாரா ஒரு குழுவை அமைத்தார். வேலைக்கு வைத்த பெயர் ‘திட்டம் 100’. பொதுச் சாமான் வழங்கலை எப்படி ஒழுங்குசெய்வது என்று வழிகளை எடுத்துவைக்க வேண்டும்.

குழு மூன்று வழிகளைக் கொண்டுவந்தது. இப்போதிருக்கும் முறையையே இன்னும் பல சாமான்களுக்கு விரிப்பது முதல் வழி. எல்லாவற்றையும் ஏதாவது ஒரு படையின் கையில் ஒப்படைப்பது இரண்டாவது. எந்தப் படைக்கும் சொந்தமில்லாத தனி அமைப்பை உண்டாக்குவது மூன்றாவது.

கோடைக்காலம் முழுவதும் வாதம் ஓடியது. படைகளின் எதிர்ப்பைப் பதவி ஆசை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அவர்கள் பயத்துக்கு அடிப்படை உண்டு. கப்பலை ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போகும் தளபதி, தன் பம்புக்கு வேண்டிய உதிரிபாகம் கிடைக்காவிட்டால் நடுக்கடலில் நிற்பான். தோற்றால் பழி அவனுக்கு. சாமான் தருபவனோ ஆயிரம் மைலுக்கு அப்பால், வேறு ஒருவருக்குப் பதில் சொல்லும் அலுவலகத்தில் இருப்பான். பொறுப்பு ஓரிடம், அதிகாரம் ஓரிடம் என்று ஆனால் போர் என்ன ஆகும்? சிக்கனம் பார்த்துப் பார்த்துக் கிடங்கைக் காலியாக வைத்துவிட்டால், முதல் வாரத்திலேயே என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்குக் கணக்குத் தாளில் முழு விடை கிடையாது.

மக்னமாரா மூன்றாவது வழியை எடுத்தார்.

1961 ஆகஸ்ட் 31. பாதுகாப்பு வழங்கல் முகமை உருவாகும் என்று அறிவிப்பு வந்தது. அக்டோபர் 1-இல் அது சட்டப்படி பிறந்தது; 1962 ஜனவரி 1-இல் வேலையைத் தொடங்கியது.

முகமைக்குத் தலைவராக வந்தவரின் பெயர் ஆண்ட்ரூ மக்னமாரா. அமைச்சருக்கு உறவு கிடையாது. பெயர் மட்டும் ஒன்று. நியமனம் மிகப் பொருத்தமானது என்றே தோன்றுகிறது. லெப்டினன்ட் ஜெனரலான இவர் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் முதலாம் சேனையின் சாமான் வழங்கலைக் கவனித்தவர். பிறகு ராணுவத்தின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல். கணக்குப் பிள்ளைகள் கையில் போரை ஒப்படைக்கிறார்கள் என்று முணுமுணுத்த தளபதிகளுக்கு, சோறும் பூட்ஸும் முன்னணிக்குப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று நேரில் பார்த்த ஒருவரை அமைச்சர் பதிலாக வைத்தார்.

சட்டை, பெல்ட், மேலங்கி

புது முகமை முதலில் கைவைத்தவற்றுள் சில சின்னச் சின்னச் சாமான்கள் இருந்தன. முப்படைகளின் சமையற்கூடங்களில் இறைச்சி வெட்டுபவர்கள் போடும் மேலங்கியில், வகையும் அளவுமாக 18 விதம் இருந்தன. பெல்ட் கொக்கியில் நான்கு விதம். படைகளில் இருந்த பெண்களின் உடற்பயிற்சி உடையில் ஆறு விதம்.

எந்தப் படையின் இறைச்சியாக இருந்தாலும் வெட்டும்போது தெறிக்கும் ரத்தம் ஒன்றுதான். பதினெட்டு விதம் இருந்ததற்குப் போர்க் காரணம் எதுவும் இல்லை. ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியாக விவரக்குறிப்பு எழுதியதே காரணம். விவரக்குறிப்பு ஒன்றானால் டெண்டருக்கு வரும் தையற்கூடங்களின் எண்ணிக்கை கூடும். ஓர் உடைக்கு இரண்டு பேர் போட்டியிட்ட இடத்தில் இருபது பேர் போட்டியிடலாம். ஒரே விற்பனையாளரிடம் வாங்கிக்கொண்டிருந்த பொருளைப் போட்டிக்குத் திறந்துவிட்டால் டாலருக்கு 25 சென்ட் மிச்சமாகிறது என்று அமைச்சர் மக்னமாரா நாடாளுமன்றக் குழுக்களிடம் பலமுறை சொன்னார்.

முகமை வேலையைத் தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. 1962 அக்டோபரில் கப்பல்கள் கியூபாவைச் சுற்றி வளைத்தன. தென்கிழக்கு மாநிலங்களில் படைகள் குவிந்தன. பொதுக் கிடங்கு காலை வாரும் என்று அஞ்சியவர்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாரவில்லை.

1963 ஜூன் முடிவதற்குள் ஒன்பது வழங்கல் மையங்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், ஏறத்தாழ 250 கோடி டாலர் இருப்பு என்று முகமை வளர்ந்துவிட்டது. 1965-இல் உணவு, உடை, மருந்து மூன்றையும் ஃபிலடெல்ஃபியாவில் ஒரே மையமாக்கினார்கள். 1977-இல் பெயர் மாறிய அதே அமைப்புதான் இன்றும் அமெரிக்கப் படைகளுக்குச் சாப்பாட்டையும் எரிபொருளையும் வாங்கித் தருகிறது. பரூக்கின் வாரியத்தைப் போல அதை யாரும் கலைக்கவில்லை.

மறுநாள்

ஆகஸ்ட் 31 என்ற தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மறுநாள், 1961 செப்டம்பர் 1, அமைச்சரின் அதே மேசையிலிருந்து இன்னோர் உத்தரவு வெளியே போனது.

விமானப் படைக்கு ஒரு புதிய தாக்குதல் விமானம் தேவைப்பட்டது. தரையை ஒட்டித் தாழ்வாகப் பறந்து, ரேடார் கண்ணில் படாமல், ஒலியைவிட வேகமாகப் போய்க் குண்டுபோட வேண்டும். கடற்படைக்கும் ஒரு விமானம் தேவைப்பட்டது. அது கப்பல் கூட்டத்துக்கு வெகு தொலைவில், உயரத்தில் நீண்ட நேரம் காவல் சுற்றி, வரும் எதிரியைத் தொலைவிலேயே நீண்டதூர ஏவுகணையால் வீழ்த்த வேண்டும். இரண்டு படையும் ஒத்துக்கொண்டவை மூன்றே: இறக்கையை முன்னும் பின்னும் மடக்க முடிய வேண்டும்; எஞ்சின் இரண்டு; ஆள் இரண்டு பேர்.

மக்னமாராவின் உத்தரவு: இருவருக்கும் ஒரே விமானம். 100 கோடி டாலர் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு.

அவர் நம்பியதற்கும் காரணம் கண்ணெதிரே இருந்தது. கடற்படைக்காகச் செய்த ஃபாண்டம் போர் விமானத்தை விமானப் படையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது அதே நேரத்தில்தான். அந்த விமானத்தைக் கடற்படை எஃப்4எச் என்றது, விமானப் படை எஃப்-110 என்றது. மரையாணிக் கதையே மறுபடி. 1962 செப்டம்பரில் முப்படை விமானங்களுக்கும் ஒரே பெயர் முறை வந்தபோது இரண்டும் எஃப்-4 ஆயின. பறந்தும் காட்டின, இரு படைகளிலும் சிறப்பாகவே பறந்தன.

ஆனால் ஃபாண்டம் முதலில் கப்பலுக்காகப் பிறந்து, பிறகு தரைக்கு வந்த விமானம். கப்பல் தளத்தில் இறங்கத் தெரிந்ததற்கு நீண்ட ஓடுபாதை சிரமமே இல்லை. புதிய விமானத்துக்கான விவரக்குறிப்போ பெரும்பாலும் விமானப் படையின் தேவையை வைத்து எழுதப்பட்டது. அதைக் கப்பலுக்குள் அடக்க வேண்டும். கப்பல் தளத்திலிருந்து விமானத்தை உந்தித் தள்ளும் கவணுக்கும், இறங்கும்போது பிடித்து நிறுத்தும் வடத்துக்கும், மேலும் கீழும் கொண்டுபோகும் லிஃப்டுக்கும் ஓர் எல்லை உண்டு. கடற்படை விமானத்துக்கு விதித்த உச்ச எடை 55,000 பவுண்டு.

போட்டி போயிங்குக்கும் ஜெனரல் டைனமிக்ஸுக்கும் இடையில். ஓராண்டில் நான்கு சுற்று மதிப்பீடு நடந்தது. நான்காவது சுற்றின் முடிவில், 1962 நவம்பரில், இரு படைகளின் தேர்வு வாரியமும் அமைச்சருக்குப் பரிந்துரைத்த பெயர் போயிங்.

மக்னமாராவின் கண் அறிக்கையில் வேறோர் இடத்தில் நின்றது. இரண்டு படைகளின் விமானத்துக்கும் பொதுவாக எத்தனை சதவீத பாகங்கள்? அந்த எண்ணில் ஜெனரல் டைனமிக்ஸ் முன்னால் இருந்தது.

பதினெட்டு மேலங்கியை ஒன்றாக்கிய கணக்கு, கப்பல் தளத்தில் இரவில் இறங்கும் விமானத்தைத் தாங்குமா? நவம்பர் 24 அன்று அமைச்சர் எந்தப் பெயருக்கு ஒப்புதல் கொடுத்தார், அந்த ஒப்புதலுக்காக செனட்டர் ஜான் மக்லெல்லனின் குழு அவரை எந்தக் கேள்விகளோடு கூப்பிட்டு உட்காரவைத்தது?

(அடுத்த வாரம்)